நாக்கில் கரித்த ஏரி

நனைந்த காரை நக்கிப் பார்த்தே சீக்கு சொல்லிவிடுவான் என்று பொன்னேரியில் ஒருவனைப் பற்றிப் பேச்சு இருந்தது. அறுபதுகளின் நடுப்பகுதி. ஊரைத் தாண்டிப் பழவேற்காட்டுக்குச் சாலை பிரிகிற இடத்தில், ஒரு புளியமரத்தை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு அவன் கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை பார்த்தான். பெயர் சின்னராசு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கழனிக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் ஒரு பட்டறையில் வேலை பழகி, முப்பது வயதுக்கு மேல் இங்கே வந்து தனியாகக் கடை போட்டவன்.

பேச்சில் கேலி கலந்திருந்தாலும் விஷயம் என்னவோ உண்மைதான். அந்தப் பக்கத்தில் வண்டிகள் தண்ணீரில் மாட்டுவது வருஷா வருஷம் நடக்கும். ஐப்பசி பிறந்தால் ஆரணியாறு தரைப்பாலத்தின் மேல் ஏறி ஓடும். கிழக்கே போனால் ஏரி. அதற்கு அப்பால் கடல். முங்கி எழுந்த வண்டி வந்து நின்றால் சின்னராசு முதலில் கேட்கும் கேள்வி, எவ்வளவு தண்ணீர் என்பது அல்ல, எந்தத் தண்ணீர் என்பது.

ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ என்றால் கவலையில்லை. டைனமோவையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி வெயிலில் வைத்து, மண்ணெண்ணெயில் துடைத்து, காய்ந்ததும் மாட்டிவிடலாம். உப்புத் தண்ணீர் அப்படியில்லை. ஒயருக்கு மேலே சுற்றிய நூலின் வழியாக உள்ளே ஏறிச் செம்பைப் பச்சையாக அரிக்கும். வண்டி ஓடுகிற மாதிரி ஓடி, ஒரு மாதம் கழித்து நடுச்சாலையில் படுத்துக்கொள்ளும். அதற்கு வைத்தியமே வேறு. முங்கிய சாமானை மறுபடியும் நல்ல தண்ணீரில் முக்கி அலசி, உப்பைப் போக்கிவிட்டுத்தான் காய வைக்க வேண்டும். வண்டிக்காரர்களோ உண்மையைச் சொல்வதில்லை. முதலாளிக்குப் பயந்து ஏரிக்கரையை ஆற்றங்கரை என்பார்கள். அதனால் சின்னராசு ஆளை நம்புவதை விட்டுவிட்டு நாக்கை நம்பினான். வண்டியின் அடியில் போகும் ஒயரில் ஒரு விரற்கடை வெட்டி, மேல்நூலை உரித்துவிட்டு, உள்ளே இருக்கும் செம்பைச் சப்பிப் பார்ப்பான். வெளிப்பக்கத்தை மழை கழுவியிருக்கும். உள்ளே இருப்பது பொய் சொல்லாது.

சப்பிப் பார்க்கும்போது மட்டும் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். காரணம், அவன் முகத்தில் எப்போதும் ஒரு துண்டு. மூக்குக்குக் கீழே ஆரம்பித்துத் தாடையை மூடிப் பிடரியில் முடிச்சுப் போட்டிருப்பான். புழுதிக்காக என்று ஊர் நினைத்தது. அவனும் அப்படியே நினைக்க விட்டான். சென்னைப் பட்டறையில் சார்ஜ் போட்டிருந்த பேட்டரிக்குப் பக்கத்தில் எவனோ பீடி பற்றவைக்க, பேட்டரி வெடித்து ஆசிட் இடது கன்னத்திலும் தாடையிலும் அடித்துவிட்டது. ஆறிய தோல் உருகி உறைந்த மெழுகு மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது. உதட்டின் ஓரம் கீழே இறங்கியிருந்தது. அதற்கு முன்னால் அவனுக்கு ஒரு பெண் பார்த்து வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் மறுபடி வரவில்லை. அன்றைக்குக் கட்டிய துண்டு.

அந்தத் துண்டைப் பார்த்துப் பயப்படாமல் சிரித்தவள் சம்பூர்ணம்.

ஏரியின் அக்கரையில் மணல்மேட்டுக் குப்பம் ஒன்றிலிருந்து இறாலும் மடவை மீனும் கூடையில் போட்டு, தோணியில் கரையேறி, பழவேற்காட்டில் பஸ் பிடித்துப் பொன்னேரிக்கு வருவாள். கடலுக்குப் போன புருஷன் திரும்பாமல் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அண்ணன் வீட்டில் இருந்தாள். மார்க்கெட்டில் விற்றது போக மிச்சத்தைக் கொட்டகைக்கு வெளியே புளியமரத்து நிழலில் வைத்து உட்கார்வாள்.

"இன்னா பேட்டரி, மூஞ்சிக்கு வேட்டி கட்டி வுட்டிருக்கிற?" என்றுதான் முதல் பேச்சே.

"தூசு."

"தூசா? என் கூடை நாத்தத்துக்கோன்னு பாத்தேன்."

"கூடை நாத்தம் பரவால்ல. வாயிதான் நாறுது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவனுக்குப் பேட்டரி என்றே பெயர் ஆயிற்று. அவன் தண்ணீரைச் சுவைத்துச் சொல்கிறவன் என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. கூடையிலிருந்து சொட்டும் தண்ணீரை ஆலிலையில் பிடித்து நீட்டுவாள்.

"சொல்லு பாக்கலாம். இது எந்தத் தண்ணி?"

சின்னராசு சுவர்ப் பக்கம் திரும்பித் துண்டைத் தளர்த்தி நாக்கில் விட்டுப் பார்ப்பான். "ஏரித் தண்ணி. கொஞ்சமா கடலு கலந்துகீது."

"அடப்பாவி! எங்க ஊர்ல பொறந்திருக்க வேண்டிய ஆளு நீ. கழனியில வந்து வுழுந்துட்ட."

அது தினசரி வழக்கமாயிற்று. வண்டி வேலை எவ்வளவு இருந்தாலும் பழவேற்காட்டு பஸ் நிற்கும் சத்தத்துக்கு அவன் கை ஒரு நொடி நிற்கும். அந்த வருஷம் பங்குனியில் ஆலிலைத் தண்ணீர் மாற ஆரம்பித்தது. கரிப்பு ஏறியது. பிறகு கரிப்பைத் தாண்டிக் கசந்தது.

"இன்னா இது, உப்பளத்துத் தண்ணி மாதிரி கசக்குது?"

சம்பூர்ணம் அன்று சிரிக்கவில்லை. "ஆமா. இனிமே ஏறிக்கினேதான் போவும்" என்றாள். கூடையிலும் இறால் கொஞ்சமாகவே இருந்தது. அதற்குப் பிறகு அவள் வருவது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆனது. பிறகு வாரத்துக்கு ஒரு முறை ஆனது.

ஒருநாள் நல்ல வெயில். சாலையில் ஆள் இல்லை. அவள் கூடையைத் தலைக்கு ஏற்றக் குனிந்தபோது சின்னராசு ஒரு கையால் கூடையைப் பிடித்தான். தூக்கிவிடத்தான் பிடித்தான். ஆனால் வாயில் வேறு வந்தது.

"இந்தக் கூடைய இங்கயே எறக்கி வெச்சுட்டா இன்னா?"

"இன்னிக்கா?"

"இன்னிக்கில்ல. எப்பவும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கடல் பக்கத்துச் சாதி, அவன் கழனிப் பக்கத்துச் சாதி; இரண்டு ஊரும் இதை லேசில் விடாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் சாலையைப் பார்த்தாள். துண்டுக்கு மேலே தெரிந்த அவன் கண்களைப் பார்த்தாள்.

"மொகம் தொறக்கட்டும். அப்பால பேசிக்கலாம்" என்றாள். கூடையை ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

முகம் திறக்கட்டும். சின்னராசு அன்று முழுக்க ஒரு ஸ்டார்ட்டரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். நியாயமாகத்தான் கேட்டிருக்கிறாள். மூடி வைத்த சாமானை எவள் வாங்குவாள்? கடையைச் சாத்திவிட்டு, வேலைக்கு நின்ற ஒரு வண்டியின் உள்கண்ணாடியைத் திருப்பி, துண்டை அவிழ்த்துப் பார்த்தான். நெடுநேரம் பார்க்க முடியவில்லை. அடுத்த முறை அவள் வரும்போது அவிழ்த்துவிடுவது என்று நினைத்தான். அவள் வந்தாள். அவன் முடிச்சில் கை வைத்தான். கை அங்கேயே நின்றது. அவளோ எதற்கோ காத்திருப்பவள் மாதிரி கிழக்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. பழவேற்காட்டிலிருந்து வரும் மற்ற மீன்காரிகளும் நின்றுபோனார்கள். பொன்னேரி மார்க்கெட்டுக்குச் சென்னையிலிருந்து ரயிலில் ஐஸ் மீன் வந்தது. இதெல்லாம் சின்னராசுவுக்குத் தோன்றவே இல்லை. ஒருத்தி வராதது மட்டும்தான் அவன் கண்ணில் பட்டது. துண்டை அவிழ்க்காததால் வரவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டான். புளியமரத்தடியில் அவள் உட்காரும் இடத்தில் மட்டும் எந்த வண்டியையும் நிறுத்த விடமாட்டான். யாராவது ஏன் என்று கேட்டால், "அங்க எண்ணெ கொட்டிக் கெடக்குது, டயரு பூடும்" என்பான். ஒரு சொட்டு எண்ணெய் அங்கே கிடையாது. காலையில் அவனே பெருக்கி வைத்த இடம்.

பஸ் சத்தத்துக்குக் கை நிற்பது மட்டும் நிற்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் மழை சேர்த்துவைத்துக் கொட்டியது. கூடவே ஒரு புயல். காற்று ஓய்ந்த மறுநாள், கொட்டகைக்கு முன்னால் ஒரு அம்பாசிடரை மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதன் ஆரன் விட்டுவிட்டு அலறியது. மாடுகள் மிரண்டு பக்கவாட்டில் இழுத்தன. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தவன் தேசப்பன்; பொன்னேரி டாக்டர் ஒருவருக்கு டிரைவர், பிறந்தது பழவேற்காட்டில்.

"நைனா, முதல்ல இந்தச் சனியன் வாய மூடு! வழியெல்லாம் தானா அடிச்சிகினு வருது. மாடு எதிர்ல வந்த பஸ்ஸ முட்டப் போச்சு. ஒரே பேஜாரு!"

சின்னராசு பானட்டைத் தூக்கிப் பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். ஆரன் நின்றது. மாடுகளே மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

"பேட்டரிய கழட்டாமயா இட்டுகினு வந்த? ஸ்டார்ட் வேற பண்ணிப் பாத்தியா?"

"ஒரே ஒரு தபா."

"பொக வந்துச்சா?"

"வந்துச்சு. நெறைய இல்ல."

"நல்ல வேல பண்ண, போ. எங்க நின்னுது வண்டி?"

"பழவேற்காட்டு ஏரிக்கரையில. எங்க மாமா ஊட்டாண்ட. காத்து அடிக்க ஆரம்பிச்சதும் தண்ணி ஏறிச்சு பாரு, சீட்டு வரைக்கும். ஆனா பயப்படாத. அது நல்ல தண்ணி. மழைத் தண்ணி ரொம்பி, மாடெல்லாம் ஏரியில குடிச்சிகினு இருந்துச்சு. நீ ச்சும்மா தொடச்சு, காயவெச்சுக் குடுத்தா போதும். டாக்டரு வெள்ளிக்கெழம காஞ்சிபுரம் போவணும்."

சின்னராசு வண்டிக்கு அடியில் நுழைந்தான். ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரில் ஒரு துண்டை வெட்டினான். வெளியே வந்து சுவர்ப் பக்கம் திரும்பி, மேல்நூலை உரித்து, செம்பை நாக்கில் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"இது நல்ல தண்ணி இல்ல."

"ஐயே, மழைத் தண்ணிபா!"

"கரிக்குது. பழைய கசப்பும் இல்ல. சுத்தமான கடலு இது."

"கடலு எங்க அங்க வரும்? ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல மண்ணு அடைச்சிகினு ஒன்னர வருசமா..." தேசப்பன் பேச்சை நிறுத்தினான். அவன் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு தொடையில் ஓங்கி அடித்தான். "நெசமாதான் சொல்றியா? கடலா?"

"நீயே நக்கிப் பாரு."

தேசப்பன் ஒயரைப் பிடுங்கி நக்கினான். "ஏய்! மொகம் தொறந்துகிச்சுபா! மொகம் தொறந்துகிச்சு! அதான் தண்ணி அப்பிடி ஏறியிருக்குது. நான் பாட்டுக்கு மழைன்னு நெனச்சேன்!"

சின்னராசு திரும்பினான். துண்டு தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது அவனுக்கு நினைவில்லை.

"இன்னா தொறந்துகிச்சு?"

"மொகம்! ஏரி கடல்ல போய்ச் சேர்ற வாயி கீது பாரு, அதுக்கு நாங்க மொகம்னு சொல்லுவோம். மண்ணு தள்ளி அது மூடிகிச்சுன்னா எறா இல்ல, மீனு இல்ல, குப்பத்துல அடுப்பு எரியாது. மொகம் அடைச்சிருக்கசொல்ல எங்க சனம் கல்யாணப் பேச்சுகூட எடுக்காது. எது கேட்டாலும், மொகம் தொறக்கட்டும், அப்பால பேசிக்கலாம்னுதான் சொல்லும்."

சின்னராசு ஸ்டெப்னி டயர்மேல் உட்கார்ந்தான்.

மூஞ்சிக்கு வேட்டி கட்டி வுட்டிருக்கிற என்று கேட்டவள் அவள். அவன் முகத்தைச் சொல்லியிருந்தால் மூஞ்சி என்றுதானே சொல்லியிருப்பாள்? ஒன்றரை வருஷம் அந்தச் சொல்லை எடுத்து எடுத்துப் பார்த்தவனுக்கு இது தோன்றவில்லை. இல்லை என்று அவள் சொல்லவே இல்லை. ஏரியின் வாய் திறக்கட்டும் என்றாள். கிழக்கே பார்த்துக்கொண்டு அவள் காத்திருந்தது அதற்குத்தான். அவனோ ஒரு தடவைகூட பஸ் ஏறிப் போய் அவளைப் பார்க்கவில்லை. அவள் என்ன நினைத்திருப்பாள்?

"இன்னா பேட்டரி, மூஞ்சி இப்பிடிக் கீது?" என்றான் தேசப்பன். அப்போதுதான் சின்னராசு தாடையைத் தொட்டுப் பார்த்தான். தேசப்பன் அவசரமாக, "ஆசிட்டா? எங்க சித்தப்பாவுக்குக் கை பூரா அப்பிடித்தான். அத்த வுடு. வண்டி எப்போ ஓடும்?" என்றான்.

வண்டிமேல் அவன் அப்படி வேலை பார்த்து யாரும் பார்த்ததில்லை. டைனமோ, ஸ்டார்ட்டர், கட்‌அவுட், பியூஸ் பெட்டி எல்லாவற்றையும் இறக்கி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய அண்டாவில் முக்கினான். "முங்குன சாமான மறுபடி முக்குறியே!" என்று தேசப்பன் தலையில் கை வைத்தான். சின்னராசு தண்ணீரை மாற்றி மாற்றி அலசினான்; ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தான். கரிப்பு போகும்வரை விடவில்லை. பச்சை பிடித்த முனைகளை உப்புத்தாளால் தேய்த்தான். அடியில் ஓடும் ஒயரை மொத்தமாக உருவிவிட்டுப் புதுசு இழுத்தான். தகரத்தின் மேல் சாமான்களைப் பரப்பி வெயில் நகர நகர நகர்த்தினான். காய்ந்ததும் மாட்டி, பல்பில் ரெண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் லாம்ப்பை ஒவ்வொரு முனையாக வைத்துப் பார்த்தான். ஒரு இடத்தில் பிரேக்கை மிதித்தால் முன் விளக்கு மங்கலாக எரிந்தது. பின்பக்கம் எர்த் ஒயர் துருப்பிடித்து, கரண்டு வழி தெரியாமல் விளக்கு விளக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி முறுக்கினான். வியாழக்கிழமை காலை வண்டி ஒரே அழுத்தில் உறுமியது.

"சரி, ட்ரையல் பாத்துட்டு வுட்டுடலாம். தச்சூர் கூட்டு ரோடு வரைக்கும் போலாமா?" என்றான் தேசப்பன்.

"பழவேற்காடு."

"டாக்டருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நல்லா ஓடினாதான் டைனமோ சூடாயி உள்ள கீற ஈரம் போவும்னு சொல்லு. பொய்யில்ல."

வண்டி கிழக்கே போனது. சாலையோரக் கழனிகளில் தண்ணீர் தேங்கி நின்றது. சின்னராசு துண்டைத் தோளில் போட்டிருந்தான். ஈரக்காற்று கன்னத்தில் பட்டது. பல வருஷமாகக் காற்றே படாத தோல் அது, கூசியது. ஏரிக்கரைக்கு வந்தபோது தோணிகள் எல்லாம் தண்ணீரில் இருந்தன. ஆட்கள் கத்திக்கொண்டு வலை இழுத்தார்கள். தேசப்பன் சொன்னது நிஜம்தான்.

அக்கரைக்குத் தோணி பிடித்துப் போனான். சம்பூர்ணத்தின் அண்ணன் குடிசை தட்டி சாத்திக் கிடந்தது. பக்கத்துக் குடிசையில் குப்பாயி என்ற பெண் வலை உதறிக்கொண்டிருந்தாள்.

"சம்பூர்ணமா? அவங்க ஊட்ட சாத்திக்கினு எப்பவோ பூட்டாங்க. எண்ணூர்ல கரண்டு பாக்டரி கட்றாங்களே, அங்க ஜல்லி சொமக்குதுங்க. வள்ளூர் பக்கம் கொட்டா போட்டுகினு கீறாங்களாம்." அவள் அவன் தாடையை ஒரு தடவை பார்த்தாள், கண்ணை விலக்காமல் பேசினாள். "மொகம் தொறந்தது அதுங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா பறந்துகினு வந்துரும். போய்ச் சொல்றதுக்குத்தான் ஆளில்ல, அல்லாரும் தண்ணியில கீறோம். நீ யாரு?"

"பொன்னேரி. பேட்டரி வேல."

குப்பாயியின் கை நின்றது. "ஓ" என்றாள். "அந்தப் பேட்டரியா! அது போற அன்னிக்கு வரைக்கும் தோணி வந்தா யாரு எறங்குறான்னு பாத்துகினு இருந்துச்சே." மறுபடி வலையை உதறினாள். உதறிய வேகத்தில் செதில் பறந்தது.

கரைக்குத் திரும்பியவன் காரில் ஏறிக் கதவைச் சாத்தினான். "வள்ளூரு" என்றான்.

தேசப்பன் அவனைப் பார்த்தான். வண்டியைக் கிளப்பினான். கொஞ்ச தூரம் போனபின், "டைனமோவுல ரொம்ப ஈரந்தான் போல" என்று மட்டும் சொன்னான்.

வள்ளூரைத் தாண்டி, கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் சேற்றுக்குமேல் பலகை போட்டு வழி செய்திருந்தார்கள். பலகையின்மேல் ஜல்லிச் சட்டி சுமந்து பெண்கள் வரிசையாகப் போனார்கள். சேறு தெறித்த புடவைகள். எல்லாரும் ஒரே மாதிரி தெரிந்தார்கள். நடையை வைத்துத்தான் அவளைக் கண்டுபிடித்தான். கூடை சுமந்த அதே நடை, கொஞ்சம் தளர்ந்திருந்தது. இளைத்திருந்தாள். அவன் பலகையின் முனையில் போய் நின்றான்.

அவள் கிட்டே வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்தைப் பார்த்தாள், தாடையைப் பார்த்தாள். அவள் கண்ணில் அவனை அறிந்த அடையாளமே இல்லை. எப்படி இருக்கும்? இந்த முகத்தை அவள் பார்த்ததே கிடையாது.

"யாருபா நீ? வழிய வுடு. பின்னால ஆளு வருது பாரு."

வழியெல்லாம் அவன் எதை எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான். வாய்க்கு வந்தது அவளுடைய சொல்தான்.

"மொகம் தொறந்துகிச்சு" என்றான்.

அவள் நின்றாள். பின்னால் வந்தவள் இடித்துக்கொண்டு, "இன்னாடி நடுவுல?" என்று திட்டினாள். சம்பூர்ணம் அசையவில்லை. அவன் முகத்தை விட்டுவிட்டுக் கண்களை மட்டும் பார்த்தாள். துண்டுக்கு மேலே இருந்த அதே இரண்டு கண்கள். பிறகு மெதுவாகக் கீழே இறங்கி, கன்னம், உதட்டோரம், தாடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவன் கை பழக்கத்தில் தோள்துண்டுக்குப் போனது. பாதியில் இறக்கிவிட்டான்.

"யாரு சொன்னது?" என்றாள்.

"யாரும் சொல்லல. ஏரியில முங்குன வண்டி வந்துச்சு. ஒயர வெச்சுப் பாத்தேன்."

"கரிச்சுதா?"

"கரிச்சுது."

"நல்லா?"

"நல்லா. கடலேதான்."

பின்னால் வரிசை நீண்டு, மேஸ்திரி தூரத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தான். சம்பூர்ணம் இரண்டு கையையும் உயர்த்தி, தலையில் இருந்த சட்டியைப் பிடித்து, அவன் காலடியில் இறக்கி வைத்தாள்.